மீதி எவ்வளவு

சிங்கப்பூரில் அரசாங்கம் ஒரு முடிவை அறிவித்துவிட்டுப் பதின்மூன்றே நாளில் அதை மாற்றிக்கொள்வது அடிக்கடி நடக்கும் காரியமில்லை. 2024 ஜனவரியில் நடந்தது. பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய வகை ஈஸிலிங்க் அட்டைகள் ஜூன் 1 முதல் பேருந்திலும் ரயிலிலும் செல்லாது, எல்லாரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்று ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் சொன்னது. 22ஆம் தேதி போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் பேசினார். பழைய முறை குறைந்தது 2030 வரை இருக்கும், அதைத் தொடர்ந்து நடத்தவும் புதிதாக அட்டைகள் வாங்கவும் 40 மில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்றார்.

இடைப்பட்ட நாள்களில் எங்கள் தோ பாயோ புளோக்கின் கீழ்த்தளத்தில் வேறு பேச்சே கிடையாது. கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் சீனப் பெரியவர்கள், பள்ளியிலிருந்து பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் மலாய் மக்சிக்மார் (அத்தைமார்), கோயிலுக்குப் போய்த் திரும்பும் நம் அக்காமார் எல்லாருக்கும் ஒரே கோபம். புதிய முறையில் அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும், பஸ்ஸில் ஏறலாம், இறங்கலாம். ஆனால் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மீதி என்று திரை காட்டாது. அவ்வளவுதான் விஷயம். அந்த இரண்டு எண்களுக்காகத்தான் ஓர் ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அன்று அட்டைக்காக இப்படிப் பேசியவர்களில் பலர், 2002இல் அந்த அட்டை வந்தபோது அதுவே வேண்டாம் என்று முணுமுணுத்தவர்கள். அப்போதும் இதே கீழ்த்தளத்தில்தான் நான் அதைக் கேட்டேன். மனிதர்கள் பழகியதை விடமாட்டார்கள், வயதானால் அப்படித்தான் என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. இந்தத் தீவில் பஸ் சீட்டு எடுத்த அவதாரங்கள் எல்லாவற்றையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 2002இல் அவர்கள் கேட்டதும் 2024இல் அவர்கள் கேட்டதும் ஒன்றேதான்.

நாங்கள் தோ பாயோவுக்குக் குடிவந்தது 1970களின் தொடக்கத்தில். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முழுக்கத் தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் அது. அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. விடிவதற்கு முன்பே பஸ் பிடித்துப் போய்விடுவார். வீட்டுக் காசு முழுக்க அம்மா கையில். அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் அத்துப்படி. சுவரில் தொங்கும் நாள்காட்டியிலும் பஸ்ஸின் நெற்றியிலும் பார்த்துப் பார்த்து அவராகவே கற்றுக்கொண்டது. எந்த எண் தேக்காவுக்குப் போகும், எந்த எண் மருத்துவமனைக்குப் போகும் என்று கேட்டால் உடனே சொல்வார்.

பஸ் நிறுவனங்கள் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன. 1971இல் பல சிறிய சீன நிறுவனங்களை மூன்றாக ஆக்கினார்கள். 1973இல் அந்த மூன்றும் ஒன்றாகி சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் ஆனது. வண்டியின் வண்ணம் மாறியதே தவிர, உள்ளே நடந்தது மாறவில்லை. கண்டக்டர் வருவார். ஒரு கையில் நிறம் நிறமாகச் சீட்டுக் கட்டுகள், இன்னொரு கையில் துளை போடும் இடுக்கி. கூட்டத்துக்குள் அந்த இடுக்கியின் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

அம்மாவும் கண்டக்டரும் பேசுவது பாசார் மலாய், அதாவது சந்தை மலாய். அவர் வீட்டில் ஹொக்கியன் பேசுகிறவர், இவர் தமிழ். "பெராப்பா?" (எவ்வளவு?) என்று அம்மா கேட்பார். "லிமா பெலாஸ்" (பதினைந்து) என்பார் அவர். அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, காசை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பார். மீதியை அவரும் அப்படித்தான் எண்ணி அம்மாவின் கையில் வைப்பார். போன காசு கண்ணுக்குத் தெரிந்தது, வந்த காசும் கண்ணுக்குத் தெரிந்தது. இருவருக்கும் பொதுவான எழுத்து எதுவும் இல்லாதபோதும் கணக்கில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

1980களில் கண்டக்டர்கள் மறைந்தார்கள். ஓட்டுநர் ஒருவரே வண்டியைப் பார்த்துக்கொள்ளும் முறை வந்தது. ஏறும் வாசலில் ஓர் உண்டியல் பெட்டி. காசை அதில் போட வேண்டும், சரியான சில்லறையாகப் போட வேண்டும், மீதி தர மாட்டார்கள். அம்மாவின் நிர்வாகம் அன்றிலிருந்து மைலோ டின்னுக்கு மாறியது. பத்துக் காசு ஒரு டின், இருபது காசு ஒரு டின், ஐம்பது காசு ஒரு டின். முதல்நாள் இரவே மறுநாள் பயணத்துக்கான சில்லறையை எடுத்து வைத்துவிடுவார். சில்லறை கிடைக்காத நாளில் ஒரு வெள்ளி நோட்டைப் போட்டுவிட்டு வந்தால், அந்த அதிகப்படி காசைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசுவார். அது கருமித்தனம் என்று அப்போது நாங்கள் சிரித்தோம். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் முப்பது காசு என்றால் என்ன என்பது, சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு எங்களுக்கும் புரிந்தது.

1987 நவம்பர் 7ஆம் தேதி எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்கள். கடைசி நிலையம் எங்கள் ஊர். ரயிலுக்குக் காந்தப் பட்டை ஒட்டிய சீட்டு. கதவின் வாயில் செருகினால் உள்ளே போய் வேறு பக்கம் எட்டிப் பார்க்கும். 1990இல் அதே காந்த முறையில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து டிரான்சிட்லிங்க் அட்டை வந்தது. முன்கூட்டியே பணம் கட்டி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் பழக்கம் பஸ்ஸிலும் அப்போதுதான் எங்களுக்கு வந்தது.

அந்த அட்டையின் உலகம் தனி. பஸ்ஸில் ஏறியதும் கருவியில் அட்டையைச் செருகி, நாம் போகும் தூரத்துக்கு எவ்வளவு என்று தெரிந்து அந்தத் தொகைக்கான பொத்தானை அழுத்த வேண்டும். கருவி காசைக் கழித்துக்கொண்டு ஒரு காகிதச் சீட்டைத் துப்பும். எவ்வளவு என்று தெரிவதுதான் பெரிய பாடம். டிரான்சிட்லிங்க் கையேடு என்று ஒரு சிறிய, தடித்த புத்தகம் ஆண்டுதோறும் வரும். எந்த பஸ் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எங்கிருந்து எங்கே போனால் என்ன கட்டணம் என்று பொடி எழுத்தில் எல்லாம் இருக்கும். என் தலைமுறையில் அதைப் பையில் வைத்துக்கொண்டு அலையாதவர்கள் குறைவு. அம்மா புத்தகத்தைத் தொடவில்லை. வழக்கமாகப் போகும் நாலைந்து இடங்களுக்கு எந்தப் பொத்தான் என்று எண்ணைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். வெளிவரும் சீட்டுகளைச் சமையலறையில் ஓர் ஆணியில் குத்தி வைப்பார். பரிசோதகர் எந்த நேரமும் ஏறுவார் என்பதற்காக பஸ்ஸில் சீட்டைப் பத்திரப்படுத்தும் பழக்கம், வீட்டிலும் தொடர்ந்தது. சீட்டில் கட்டணம் அச்சாகியிருக்கும். மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கூட்டச் சொல்வார்.

2002 ஏப்ரல் 13ஆம் தேதி ஈஸிலிங்க் அட்டை வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "சீட்டு எங்கடா தம்பி?"

சீட்டு கிடையாது. அட்டையைச் செருக வேண்டாம், கருவியின் மேல் காட்டினால் போதும், பொத்தான் அழுத்த வேண்டாம், கருவியே தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்றேன். அதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கருவி கணக்கிட்டால் அதை யார் சரிபார்ப்பது? கீழ்த்தளத்தில் கூடியவர்களின் புகாரும் அதேதான். அட்டைக்கே தனியாகக் காசு வாங்குகிறார்கள். இறங்கும்போது இன்னொரு முறை தட்ட வேண்டுமாம், மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடுமாம். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாதாம். இவற்றில் பொய் எதுவும் இல்லை. அன்று அவர்கள் தொழில்நுட்பத்தைக் கண்டு பயந்தார்கள் என்று சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். தங்கள் காசு போகும் வழி கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே என்று கவலைப்பட்டார்கள்.

அவர்களை மாற்றியது விளம்பரமோ பிரசாரமோ இல்லை. அந்தச் சின்னத் திரைதான். இறங்கும் வாசலில் அட்டையைத் தட்டியதும் ஒரு சத்தம், திரையில் இரண்டு தொகை: பிடித்தது இவ்வளவு, மீதி இவ்வளவு. அம்மா முதல் முறை அதைப் பார்த்துவிட்டு, இறங்கியதும் நிறுத்தத்திலேயே நின்று மனக்கணக்குப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏறுமுன் இருந்ததில் பிடித்ததைக் கழித்தால் மீதி வருகிறதா? வந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றார். அன்றே ஆணியிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டார்.

இந்த நாட்டில் நான்கு ஆட்சி மொழிகள். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ். எல்லாருக்கும் புரியும்படி ஓர் அறிவிப்புப் பலகை எழுதுவதானால் நான்கிலும் எழுத வேண்டும். நான்கிலும் எழுதினாலும் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை எங்களோடு வாழ்ந்தது, இன்னும் கொஞ்சம் பேர் வாழ்கிறார்கள். அந்தத் தலைமுறையில் எல்லாருக்கும் பொதுவாகப் புரிந்த ஒரே எழுத்து எண். கல்மேசைச் சீனப் பெரியவரும் மலாய் மக்சிக்கும் என் அம்மாவும் யாருடைய உதவியும் இல்லாமல், யாரையும் கேட்காமல், படித்துத் தெரிந்துகொண்ட அரசாங்கச் செய்தி அநேகமாக அந்தத் திரையில் வந்த மீதித் தொகை ஒன்றுதான். கண்டக்டரின் உள்ளங்கை இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. அதனால்தான் அந்த அட்டை வென்றது என்பது என் உறுதியான நம்பிக்கை.

அட்டை எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் சண்டைக்கு அதுதான் வேர். அட்டைக்குள் பேட்டரி இல்லை. பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கம்பிச் சுருளும் அதோடு சேர்ந்த ஒரு சில்லும் இருக்கின்றன. கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அட்டை பக்கத்தில் வந்ததும் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, சில்லு விழித்துக்கொள்கிறது. கருவியும் சில்லும் ரகசியச் சாவிகளைக் கொண்டு ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. பிறகு கருவி சில்லில் இருக்கும் தொகையைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, புதிய தொகையை அதே சில்லில் எழுதிவிடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வங்கியைக் கேட்க வேண்டியதில்லை, தலைமையகத்தைக் கேட்க வேண்டியதில்லை. கணக்கு விவரங்களைக் கருவி பிறகு நிதானமாக அனுப்பிக்கொள்ளும். முதல் ஈஸிலிங்க் அட்டைகளில் இருந்தது ஜப்பானின் சோனி நிறுவனம் உருவாக்கிய ஃபெலிகா தொழில்நுட்பம். ஹாங்காங்கில் 1997இல் வந்த ஆக்டோபஸ் அட்டையிலும், தோக்கியோவில் 2001இல் வந்த சுய்க்கா அட்டையிலும் அதுவேதான். ஆக, பணம் உண்மையிலேயே அட்டைக்குள் இருந்தது. இருந்ததால்தான் கருவியால் அதை உடனே காட்ட முடிந்தது.

2009இல் உள்நாட்டிலேயே வகுத்த சீபாஸ் என்ற பொதுத் தரத்துக்கு அட்டைகளை மாற்றினார்கள். பழையதைக் கொடுத்துப் புதியதை இலவசமாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மாற்றத்தை எதிர்த்து எங்கள் கீழ்த்தளத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு வந்தார்கள். திரை அப்படியே இருந்ததே, காரணம் அதுதான்.

அடுத்த ஆண்டு வந்த மாற்றம் இன்னும் பெரியது. 2010 ஜூலை 3 முதல் தூரத்துக்கு ஏற்ற கட்டணம். அதுவரை ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், கழிவு கொஞ்சம் கிடைத்தாலும் மறுபடி ஏறுவதற்கு ஒரு தொகை விழும். புதிய முறையில் பஸ்ஸோ ரயிலோ மாறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். செய்தித்தாளில் இதை விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், தலையாட்டினார், நம்பவில்லை. பிறகு மருத்துவமனைக்குப் போக இரண்டு பஸ் மாறினோம். இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கும்போது திரையில் சில காசுகள் மட்டுமே கழிந்திருந்தன. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை சந்தோஷம். அதன்பிறகு நேராகப் போகும் ஒரே பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல், வரும் பஸ்ஸில் ஏறி மாறி மாறிப் போகத் தொடங்கினார். ஒரு நாட்டின் போக்குவரத்துக் கொள்கையை எழுத்தறியாத ஒரு மூதாட்டி திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தன் நடைமுறையையே மாற்றிக்கொண்டார்.

அட்டை பஸ்ஸோடு நிற்கவில்லை. குளிர்பான இயந்திரத்தில், துரித உணவுக் கடையில், நூலகத்தில் தாமதமாகத் திருப்பிய புத்தகத்துக்குக் கட்டணம் செலுத்த, கார் வைத்திருப்பவர்கள் மின்னியல் சாலைக் கட்டணம் கட்ட என்று போய்க்கொண்டே இருந்தது. சாவிக்கொத்தில் மாட்டும் பொம்மை வடிவில்கூட வந்தது, இளம்பிள்ளைகள் வரிசை கட்டி வாங்கினார்கள். எனக்கு அதெல்லாம் வசதிதான். அம்மா மட்டும் கடைசி வரை அந்த அட்டையில் ஒரு காப்பிகூட வாங்கியதில்லை. "பஸ் காசு பஸ்ஸுக்கு" என்பார். மைலோ டின்கள் போய்விட்டாலும் டின்களின் ஒழுங்கு போகவில்லை. பத்து வெள்ளி போட்டால் பத்து வெள்ளிதான் செலவாகும். அட்டை தொலைந்தால் அதில் இருப்பதுதான் போகும், வங்கிக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சில்லில் அதிகபட்சம் 500 வெள்ளி வைக்கலாம் என்று விதி அனுமதித்தாலும், எங்கள் புளோக்கில் அவ்வளவு போட்டு வைத்தவரை நான் பார்த்ததில்லை. பத்து, இருபது என்று போடுவார்கள். தீர்ந்தால் மறுபடி பத்து. எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தின் பணப்பை எப்படி இருக்க வேண்டுமோ, அப்படி இருந்தது அது.

2019 ஏப்ரலில் சிம்ப்ளிகோ தொடங்கியது. முதலில் மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள், பிறகு மற்றவை. தனியாக ஓர் அட்டை வேண்டாம், பணம் நிரப்ப வேண்டாம், கையில் இருக்கும் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டினால் போதும். நானும் பயன்படுத்துகிறேன். அவசரமாக ஓடும்போது, மழையில் குடையும் பையுமாக நிற்கும்போது, அது நல்ல வசதி. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் விமான நிலையத்தில் இறங்கியதும் தங்கள் அட்டையையே தட்டி ரயில் ஏறிவிடுகிறார்கள். இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிறகு இதே முறையை ஈஸிலிங்க் அட்டைக்கும் கொண்டுவந்தார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

சிம்ப்ளிகோ முறையில் பணம் அட்டைக்குள் இல்லை. எங்கோ இருக்கும் கணினியில் ஒரு கணக்கேட்டில் இருக்கிறது. கதவில் தட்டும்போது கருவி படிப்பது இது யாருடைய அட்டை என்பதை மட்டும். கட்டணத்தை அந்தக் கணினி பிறகு போட்டுக்கொள்ளும். அந்த நேரத்தில் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மீதி என்று கருவிக்கே தெரியாது. தெரிய வேண்டுமானால் அது கணினியைக் கேட்டுப் பதில் வரும்வரை நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் சில விநாடி கூடுதலானால் வரிசை நடைமேடை வரைக்கும் நீளும். அதிகாரிகள் சொன்ன காரணம் இதுதான், அது உண்மையான காரணம்தான். மீதியைப் பார்க்கக் கைப்பேசிச் செயலி இருக்கிறது என்றார்கள்.

செயலியைத் திறக்க நல்ல கைப்பேசி வேண்டும், கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும், பொடி எழுத்தைப் படிக்கக் கண் வேண்டும், எந்தப் படத்தைத் தொட்டால் எது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் தன் காசைத் தானே தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். திரை இருந்த காலத்தில் எண் அவர்களைத் தேடி வந்தது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மாதக் கடைசியில் அறிக்கை பார்ப்பதற்கும், கை நீட்டிய அந்த நொடியிலேயே மீதியைப் பார்ப்பதற்கும் இருக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அறிக்கையில் தெரிவது நடந்து முடிந்தது. அந்த நொடியில் தெரிந்தால், திரும்பி வரும்போது பஸ்ஸா நடையா என்று முடிவெடுக்கலாம்.

அம்மா இந்தச் சண்டையைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால் கீழ்த்தளத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்திருக்கும். 2024 ஜனவரி 22 மாலை, செய்தி கேட்டதும் கல்மேசைப் பெரியவர் ஒருவர் தன் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எல்லாருக்கும் காட்டினார். மக்சிக் ஒருவர் கைதட்டினார். ஒரு பஸ் அட்டைக்காக இத்தனை பேர் மகிழ்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 40 மில்லியன் வெள்ளி பொதுப்பணம். இரண்டு முறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுவது செலவுதான், பழைய கருவிகளுக்கு வயதாகிவிட்டது என்பதும் உண்மை. அப்படியிருந்தும் அது சரியான செலவு என்றே நினைக்கிறேன். ஒரு நாடு தன் கைப்பேசித் திறமையைக் கொண்டு தன்னை அளந்துகொள்ளத் தொடங்கிய காலத்தில், கைப்பேசி இல்லாதவர் கேட்ட ஒரு கேள்விக்கு மதிப்புக் கொடுத்தது.

இது முதியோர் பிரச்சினை மட்டும் என்று சிலர் எழுதினார்கள். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா நிலையத்தின் பணம் நிரப்பும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். போன ஆண்டு அங்கே என் முன்னால் ஓர் இளைஞர் நின்றார். கட்டுமான வேலை, சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அட்டையை இயந்திரத்தில் வைத்து மீதியைப் பார்த்தார், யோசித்தார், பத்து வெள்ளி நோட்டு ஒன்றை நிரப்பினார். எல்லாம் இப்போது வங்கி அட்டையிலேயே செய்யலாமே என்று பேச்சுக்குக் கேட்டேன். "அதுல சம்பளம் கெடக்குது ஐயா. ஊருக்கு அனுப்புற காசு. இதுல மீதி தெரியும், இது முடிஞ்சா இந்த வாரம் எங்கயும் போகக் கூடாதுன்னு தெரியும்" என்றார். மைலோ டின்னைப் பார்த்திராத ஒருவர், என் அம்மா சொன்னதையே சொன்னார்.

2030 வெகுதூரத்தில் இல்லை. அதற்குள் பழைய கருவிகள் ஓய்ந்துவிடும், புதியவற்றை வடிவமைக்க இப்போதே யாரோ உட்கார்ந்திருப்பார்கள். பணம் சில்லில் இருக்கட்டும் அல்லது கணக்கேட்டில் இருக்கட்டும், அது பொறியாளர்கள் முடிவு செய்ய வேண்டியது. நான் கேட்பது ஒன்றுதான். எல்லாக் கதவும் வேகமாகத் திறக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அகலக் கதவு வைத்திருக்கிறோம், அதற்காக யாரும் வருந்தவில்லை. அதேபோல நிலையத்துக்கு ஒரு கதவு, பஸ்ஸில் இறங்கும் வாசலில் ஒரு கருவி, கணினியைக் கேட்டுவிட்டு இரண்டு விநாடி நின்று, பெரிய எண்ணில் மீதியைக் காட்டட்டும். அந்தக் கதவுக்கு வரிசை கொஞ்சம் நீளமாக இருக்கும். எங்கள் கீழ்த்தளத்து ஆட்கள் அதில் நிற்பார்கள், நானும் நிற்பேன்.